பதினான்கு பெண்களும் ஒரே முகமும்

நோலீன் ட்ரெவார்த்தா முடிவெடுக்கத் தயங்குகிறவள் என்று ஆஸ்திரேலியாவின் தென்கரையில் இருக்கும் எங்கள் போர்ட் கேரிக்கில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தானியக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்திருப்பவள் அவள். அறுவடைக் காலத்தில் வாசலில் லாரிகள் ஒரு கிலோமீட்டருக்கு வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி பார்லி எடுத்து ஈரம் பார்ப்பாள். சரியில்லையென்றால், தன்னைவிட இரண்டு மடங்கு பருமனான விவசாயியின் முகத்தைப் பார்த்தே, "இதை எடுக்க முடியாது, திருப்பிக் கொண்டுபோ" என்று சொல்லிவிடுவாள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்புவான். அப்படிப்பட்டவள், தான் எடுத்த படங்களைத் திருத்த ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டாள்.

குற்றம் முழுக்க அவளுடையது என்று சொல்ல மாட்டேன். எங்களிடம் யோசனை கேட்டாள். அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த மார்ச் மாதம் அவளுக்கு இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. குணமானதும் தினமும் நடக்கச் சொன்னார் மருத்துவர். காரணமில்லாமல் நடப்பது நோலீனுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கையில் ஏதாவது இருந்தால் ஒரு வேலையாகப் போகிற மாதிரி இருக்குமே என்று, அக்கா மகள் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்த கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். படகுத்துறைப் பாலத்தின் கடைசிவரை போய்த் திரும்புவாள். அங்கே மீன் கழுவும் மேசையைச் சுற்றி எப்போதும் நான்கைந்து கூழைக்கடாக்கள் நிற்கும். அவற்றைப் படம் எடுப்பாள்.

அவள் கணவன் டெஸ், இழுவைப் படகில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவன். நண்டு வலைகளைச் சரிபார்ப்பதும் நோலீனைக் கிண்டல் செய்வதும்தான் இப்போது அவனுக்கு முழுநேர வேலை.

"நானூறு கூழைக்கடா இருக்கு இதுல," என்றான் ஒருநாள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து. "ஒண்ணாவது உன்னத் திரும்பிப் பாத்திருக்கா?"

"ஒண்ணு பாத்துச்சு. ஆனா மூஞ்சி இருட்டா விழுந்துருச்சு."

"கூச்சப்பட்டிருக்கும் பாவம்."

அந்த ஒரு பறவையின் முகத்தை வெளிச்சமாக்கத்தான் அவளுக்கு மென்பொருள் தேவைப்பட்டது. ஏப்ரல் மாதம் எங்கள் புகைப்படக் கழகத்தில் சேர்ந்தாள்.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதியம் நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். மொத்தம் பதினோரு பேர். நான் செயலாளர், அதாவது தேநீர் போடுகிறவள். மற்ற நாட்களில் மருந்துக்கடையில் நிற்கிறேன். கடையின் மூலையில் இருக்கும் படம் அச்சிடும் இயந்திரமும் என் பொறுப்புதான். நோலீனும் நானும் ஒரே வயது, ஒன்றாகப் படித்தவர்கள். வந்த முதல் நாளே பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்: "போட்டோவைச் சரிபண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?"

கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எங்கள் கழகத்தில் லிண்ட்சே பொலித்தோவும் பிரான்வின் கிட்டோவும் இதே கேள்வியால்தான் இரண்டு ஆண்டுகளாகச் சரியாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். லிண்ட்சே, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாதாமாதம் சந்தா கட்டும் மென்பொருள்தான் அவருடைய மதம். பிரான்வின் கால்நடை மருத்துவமனையில் செவிலி. உலகெங்கும் தொண்டர்கள் சேர்ந்து உருவாக்கி இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளுக்காக அவள் உயிரையும் கொடுப்பாள்.

"தொழில்ல இருக்கறவங்க எல்லாரும் இதத்தான் வச்சிருக்காங்க," என்றார் லிண்ட்சே.

"தொழில்ல இருக்கறவங்க விமானத்துல போறாங்கன்னு நோலீனும் பாலத்துக்கு விமானத்துல போகணுமா?" என்றாள் பிரான்வின், அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

"இலவசத்தக் கத்துக்க ஆறு மாசம் ஆகும்னு அவங்ககிட்ட யாராவது சொல்லுங்க," என்றார் அவரும் என்னைப் பார்த்து.

நோலீன் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் ஒரு கூழைக்கடாவைப் பத்திதான் கேட்டேன்," என்றாள்.

மறுவாரம் லிண்ட்சே பதினெட்டுப் பக்கம் அச்சடித்து அவள் வீட்டு அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். கட்டங்கள், அம்புக்குறிகள், கடைசியில் 'சுருக்கம்' என்ற தலைப்பில் இன்னும் மூன்று பக்கம். பிரான்வின் நேரிலேயே வந்து, தன் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, டெஸ் வேகவைத்த நண்டையும் வாங்கிக்கொண்டு போனாள். யார் மனதையும் புண்படுத்தக் கூடாது என்று நோலீன் இரண்டையுமே வைத்துக்கொண்டாள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் அறுவடை இயந்திரம் மாதிரி இரைந்தது.

"ஜன்னலைத் தொறந்து வை கண்ணு," என்றான் டெஸ். "அது கிளம்பிப் போறதா இருந்தா வழியில கண்ணாடி உடையக் கூடாது."

சந்தாக்காரனுடன், அதாவது லிண்ட்சேயின் மென்பொருளுடன், முதலில் நன்றாகத்தான் போனது. நானூறு படங்களையும் அதற்குள் கொண்டுவந்தாள். பிறகு, ஒழுங்கை விரும்புகிறவள் ஆயிற்றே, கம்ப்யூட்டரில் சிதறிக் கிடந்த கோப்புகளைத் தன் இஷ்டத்துக்கு வேறு பெட்டிகளில் அடுக்கி வைத்தாள். மறுநாள் திறந்தால் ஒவ்வொரு கூழைக்கடாவின் மேலும் ஒரு கேள்விக்குறி நின்றது. படத்தை எங்கே கொண்டுபோய் வைத்தாய் என்று அது கேட்கிறதாம். "என் வீட்டுல நான் சாமானை நகத்தினா இவன்கிட்ட ஏன் சொல்லணும்?" என்று என்னிடம் போனில் கேட்டாள். லிண்ட்சேயிடம் கேட்கவில்லை. அவரிடம் கேட்டால் இன்னும் பக்கங்கள் வரும்.

இலவசத்தில் வேறு பிரச்சினை. எதற்கும் பஞ்சமில்லை அதில். ஒரு படத்தை வெளிச்சமாக்கவே ஏழு வழி இருந்தது, எந்த வழி எதற்கு என்றுதான் தெரியவில்லை. வளைந்த ஒரு கோட்டைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று பிரான்வின் காட்டிக் கொடுத்திருந்தாள். டெஸ் நண்டுக் கூடையோடு நிற்கும் படத்தை எடுத்து நோலீன் கோட்டை இழுத்தாள். டெஸ் பச்சையாகிவிட்டான்.

எட்டிப் பார்த்தவன், "செத்து மூணு நாள் ஆனவன் மாதிரி இருக்கேன்," என்றான். "நண்டு மட்டும் ரொம்ப ஆரோக்கியமா இருக்கு."

இப்படியே ஜூலை வந்துவிட்டது. ஒவ்வொரு கூட்டத்திலும் லிண்ட்சே, "எது வரைக்கும் வந்திருக்க?" என்பார். பிரான்வின், "கோடு பழகிருச்சா?" என்பாள். நோலீன் இருவரிடமும் "பரவாயில்ல, போய்க்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு என் பக்கம் நகர்ந்து கோப்பைகளைக் கழுவ ஆரம்பிப்பாள். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் கோப்பைகள் அவ்வளவு சுத்தமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆகஸ்டில் மூன்றாவதாக ஒருவன் வந்தான். விளம்பரமாக அவள் மின்னஞ்சலில் வந்து நின்றான். ஒரு தட்டு தட்டினால் போதும், எல்லாம் தானாகச் சரியாகும். நோலீன் ஒரு தட்டு தட்டினாள். கூழைக்கடாவின் முகம் பளிச்சென்று வந்தது. இன்னொரு தட்டு தட்டினாள், பாலத்துக்கு மேலே இருந்த சாம்பல் வானம் போய் ஆரஞ்சும் ஊதாவுமாக ஒரு சூரிய அஸ்தமனம் வந்து உட்கார்ந்தது. ஐந்து மாத அவமானமும் தீர்ந்த சந்தோஷத்தில் அதைப் பெரிதாக அச்சிட்டுக் கழகத்துக்குக் கொண்டுவந்தாள்.

எல்லோரும் அழகு என்றார்கள். லிண்ட்சே மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சூரியன் இடது பக்கம் இறங்குது," என்றார். "பாலத்தோட நிழலும் இடது பக்கமே விழுது. ஊருக்கு இன்னொரு சூரியன் எப்ப வந்துச்சு, நோலீன்?"

அவளுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அந்த மென்பொருளை விடவில்லை. நிழலைக் கவனித்துக்கொண்டால் போதும் என்று நினைத்தாள். முகங்களுக்கு அதில் இன்னொரு பொத்தான் இருந்ததை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தாள்.

புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் எங்கள் ஊர்ப் பவுல்ஸ் கழகத்தின் பெண்கள் பிரிவுக்கு அந்த அக்டோபரில் எழுபதாவது ஆண்டு. அதன் தலைவி மாவிஸ் ஹோஸ்கிங். எண்பத்து மூன்று வயது. முப்பது ஆண்டுகள் இந்த ஊரில் பிரசவம் பார்த்தவர். லிண்ட்சேயே அவரிடம் வாயைத் திறக்க யோசிப்பார். அவர் எடைமேடைக்கே வந்து நோலீனிடம் சொன்னார்: "பதினாலு பேர் இருக்கோம். ஆளுக்கு ஒரு போட்டோ எடு. கழகத்துச் சுவத்துல மாட்டப் போறோம். நல்லா வரணும். நாங்க அடுத்த எழுபதுக்கு வர மாட்டோம்."

நோலீன் நன்றாகவே எடுத்தாள். அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். எல்லோரும் அவளைத் தெரிந்தவர்கள், அதனால் கேமராவை மறந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜாய்ஸ் வாய்விட்டுச் சிரிக்கும்போது எடுத்தாள். பாட்சி தன் பந்து எங்கே போகிறது என்று திட்டிக்கொண்டே குனியும்போது எடுத்தாள். ஒரே ஒரு குறை, வெள்ளைத் தொப்பிகள். அவற்றின் விளிம்பு எல்லாக் கண்களையும் நிழலுக்குள் வைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து நிழலை எடுத்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முகப்பொலிவு என்ற பொத்தானையும் தட்டினாள். பதினான்கு படம், பதினைந்து நிமிடம்.

அச்சிட என்னிடம்தான் அனுப்பினாள். இயந்திரத்திலிருந்து ஒவ்வொன்றாக விழும்போது பார்த்தேன். நான்காவது படத்தில், முதல் மூன்றில் பார்த்த அதே பெண்தான் மறுபடி வருகிறாள் என்று தோன்றியது. போன் செய்யலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே சட்டங்களில் பொருத்தினேன். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாளே, நான் எதற்குக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நல்ல மனசு இல்லை, கோழைத்தனம்.

விழா ஞாயிற்றுக்கிழமை மதியம். இறைச்சி அடைத்த பேஸ்டியும், தேங்காய்ப்பூ தூவிய லேமிங்டன் கேக்கும் மேசை நிறைய இருந்தன. பதினான்கு பெண்களும் வெள்ளைச் சீருடையில் சுவருக்கு எதிரே நிற்க, மாவிஸ் துணியை இழுத்தார்.

பிறகு வரிசை கலைந்து எல்லோரும் சுவரோடு சுவராக நடக்க ஆரம்பித்தார்கள். கடையில் செருப்பு தேடுகிற மாதிரி ஒவ்வொரு படத்துக்கு முன்னும் நின்று நின்று போனார்கள்.

"இதுல நான் எது?" என்றாள் ஜாய்ஸ்.

"கடைசிக்கு முன்னால உள்ளது," என்றாள் நோலீன்.

ஜாய்ஸுக்கு மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது. படத்தில் இருந்தது. அவள் நாக்கால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பல் டாக்டர்கிட்ட போயிருக்கவே வேணாம் போல," என்றாள். பதினான்கு பேருக்கும் முகத் தோல், ஓடு உரித்த அவித்த முட்டை மாதிரி இருந்தது. கண்கள் கொஞ்சம் பெரிதாகியிருந்தன. தொப்பியை எடுத்துவிட்டால் யார் யாரென்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது.

மாவிஸ் தன் படத்துக்கு முன் கைகட்டி நின்றார்.

"யாரு நோலீன் இந்தப் பொண்ணு? லட்சணமா இருக்கா. எங்க வீட்டுக்காரர் இவளப் பாத்திருந்தா என்னைக் கட்டியிருக்க மாட்டார்."

சிரிப்பு கிளம்பியது. நோலீனும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாவிஸ் தன் புருவத்துக்கு மேலே விரலை வைத்தார். அங்கே ஒரு பழைய தழும்பு உண்டு. பிறை மாதிரி வளைந்திருக்கும்.

"இது பதினோரு வயசுல படகுல விழுந்து வாங்கினது. என் கூடவே வளந்தது. இதத் துடைக்கச் சொல்லி நான் உன்கிட்டக் கேட்டேனா?"

"கேக்கல மாவிஸ்."

"கோபமெல்லாம் இல்ல. தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

எங்கள் ஊரில் எதற்கும் வாக்கெடுப்பு உண்டு. பேஸ்டி ஆறுவதற்குள் அதையும் நடத்தினார்கள். படங்களைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பதின்மூன்று பேர் கை தூக்கினார்கள். பாட்சி மட்டும், "என்னோடது இப்படியே இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றாள். அவள் கோரிக்கை தள்ளுபடி ஆனது.

வீட்டுக்குப் போனதும் நோலீன் கேமராவைப் பெட்டிக்குள் போட்டு மூடினாளாம். டெஸ் அன்று ஒரு கிண்டலும் செய்யவில்லை. அதுதான் தனக்கு ரொம்பப் பயமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள். ரொட்டியை வாட்டி அவள் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"எடைமேடைல எவனாவது தராசு முள்ளத் தொட்டா கைய ஒடிச்சிருப்பேன்," என்றாள் அவள். "நானே பதினாலு பேரத் தொட்டுட்டேன், டெஸ்."

"தெரிஞ்சா பண்ணின?"

"தெரியும். அழகா இருக்குன்னு பண்ணேன்."

"சரி. ஒரிஜினல் இருக்கா, போயிருச்சா?"

இருந்தது. அதை மட்டும் அவள் தொட்டிருக்கவில்லை.

அந்த வாரம் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. லிண்ட்சேயின் பதினெட்டுப் பக்கங்களை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தாள். மாவிஸின் ஒரிஜினல் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினாள். ஒரே வரி: 'தொப்பி நிழல் போகணும், மத்தது அப்படியே இருக்கணும்.' பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, தன்னால் எதில் அதைத் தவறில்லாமல் செய்ய முடிகிறது என்று பார்த்தாள். சந்தாக்காரனும் இலவசமும் அதைச் செய்யாமல் இல்லை. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் அவள் வேறு நாலு விஷயத்தைக் கெடுத்திருந்தாள். ஒரே தட்டுக்காரனுக்கோ எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை.

கேமரா பெட்டியின் அடியில் ஒரு மடித்த தாள் இருந்தது. கேமராவைச் செய்தவர்களே தரும் மென்பொருளை எங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று அதில் போட்டிருந்தது. எங்கள் கழகத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இறக்கிப் பார்த்தாள். பார்க்க அரசாங்கப் படிவம் மாதிரி இருந்தது. மெதுவாக நகர்ந்தது. இழுப்பதற்கு ஏழே ஏழு பொத்தான்கள். வானம் மாற்றத் தெரியாது, பல் வைக்கத் தெரியாது. நிழல் என்று ஒரு பொத்தான் இருந்தது. அதைக் கொஞ்சமாக நகர்த்தினாள். தொப்பிக்குக் கீழே மாவிஸின் கண்கள் வந்தன, புருவம் வந்தது, தழும்பு வந்தது. அங்கேயே கையை எடுத்துவிட்டாள்.

நவம்பர் கூட்டத்தில் இதைச் சொன்னாள்.

"அதுவா?" என்றார் லிண்ட்சே. "அது பொம்மை. யாரும் அதத் தொடறதே இல்ல."

"உண்மைதான்," என்றாள் பிரான்வின். "லிண்ட்சே சொல்றது சரி. அதுக்கு நீ சும்மாவே இருக்கலாம்."

சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அந்த மென்பொருளில் என்னென்ன இல்லை என்று பேச ஆரம்பித்தவர்கள், கூட்டம் முடிந்து நான் விளக்கை அணைக்கப் போகும்வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். நோலீன் அவர்களுக்கு இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றிவிட்டுக் கிளம்பினாள், வீட்டில் இன்னும் ஐந்து படங்கள் பாக்கி இருந்தன.

அந்த ஐந்தில் ஒன்று பாட்சியுடையது. ஒரு மதியம் பாட்சி தனியாக வந்து நின்றாள்.

"ஒரு சின்ன உதவி. தாடைல ஒரு முடி இருக்கு பாரு. அத மட்டும்."

"இந்த சாஃப்ட்வேருக்கு அது தெரியாது பாட்சி."

"நெஜமாவா?"

"நீயே வந்து பாரு. ஏழு பொத்தான்தான்."

பாட்சி குனிந்து ஏழையும் எண்ணினாள். பிறகு, "உன் குளியலறைல சாமணம் இருக்கா?" என்று கேட்டாள். உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் கண்ணில் தண்ணீரோடு வெளியே வந்தாள். நோலீன் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் நிழலான இடத்தில் நிறுத்திப் புதிதாக ஒரு படம் எடுத்தாள். அதைத் திருத்த எதுவுமே இருக்கவில்லை.

இந்த முறை துணி, பேஸ்டி எதுவும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் மாட்டினோம். ஜாய்ஸின் பல் இல்லாத சிரிப்பு அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும். மாவிஸ் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "ம், இவளத் தெரியும்," என்றார். மேற்கே பன்பரியில் இருக்கும் தங்கை தெல்மாவுக்கு அனுப்பச் சிறியதாக ஒரு பிரதி கேட்டார். என் கடையில் அச்சிட்டுக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துத் தலைவலி மாத்திரை வாங்க மாவிஸ் கடைக்கு வந்தபோது நோலீனும் அங்கே இருந்தாள்.

"தெல்மா போன் பண்ணினா," என்றார் மாவிஸ். "போட்டோல தழும்பத்தான் மொதல்ல பாத்தாளாம். அப்புறம் சொல்றா, அன்னைக்குப் படகுல நீ வழுக்கி விழல, நான்தான் தள்ளினேன், துடுப்பு போடறது என் முறை, நீ தரல, அப்படிங்கறா."

"ஐயோ. நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் நோலீன்.

"தெரியும்னு சொன்னேன். எழுபத்திரண்டு வருஷமா அவ வாயால வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்." மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டார். "ஈஸ்டருக்கு வர்றாளாம். வந்தா ரெண்டு பேரையும் ஒண்ணா ஒரு போட்டோ எடு. படகுல வேணாம்."

அவர் போன பிறகு நோலீன் கல்லாப் பக்கம் சாய்ந்து நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. விழாப் படங்களை அச்சிடும்போதே எல்லா முகமும் ஒன்றாக இருந்தது எனக்குத் தெரிந்திருந்தது என்பதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

"அடிப்பாவி," என்றாள். "தெரிஞ்சும் சட்டம் போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப வர்ற சனிக்கிழமை கோப்பையெல்லாம் நீயே கழுவு," என்று சொல்லிவிட்டு, லாரிகள் வரத் தொடங்கியிருக்கும் என்று கிடங்குக்கு ஓடினாள்.